பிள்ளைகள் போடியிலிருந்து வந்த காலம்

போன மாதம் மூணாறில் இருக்கும் தம்பி மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் இரண்டாவது பிள்ளையைச் சுமக்கிறாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவளுடைய மூத்தது ஓடிவந்து கைபேசியில் ஒரு படத்தைக் காட்டியது. சாம்பல் நிறத்தில் மூட்டமாக ஏதோ தெரிந்தது. இது தலை, இது முதுகெலும்பு, நீங்கள் விரலை வைத்து மறைக்கிற இடத்தில்தான் இதயம் என்று விளக்கம் வேறு. ஒன்றாம் வகுப்புப் படிக்கிற வாண்டு. பாப்பா எந்த வழியாக வெளியே வரும் என்பதுகூட அதற்குத் தெரிந்திருந்தது. மாப்பிள்ளைக்கு அதில் வருத்தம். இதையெல்லாம் இந்த வயதில் சொல்ல வேண்டுமா என்று என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தார். பின்னே பொய் சொல்லியா வளர்ப்பது என்று தம்பி மகள் என்னைப் பார்த்தாள். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தேனே தவிர, தீர்ப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் வயதுக்காரர்களே, உங்களிடம் சொல்வதற்கு என்ன. நமக்கு ஸ்கேன் ஏது? நமக்கு ஜீப் இருந்தது.

நாங்கள் இருந்தது போடிமெட்டுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், லயம் என்போம். பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாங்களே கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தோம். மலையில் விளைவது தேயிலை. அதைத் தின்ன முடியாது. தின்கிற சாமான் எல்லாம் கீழேயிருந்து வந்தது. அரிசி, பருப்பு, கருவாடு, பனங்கிழங்கு, சித்திரை பிறந்தால் மாம்பழம், எல்லாம் மலையடிவாரத்துப் போடியில் ஜீப் ஏறி எங்கள் லயத்தின் முன்னால் வந்து இறங்கின. புதுப்பெண்கள் கூட அதே ஜீப்பில்தான் வாடிய மாலையோடு வந்தார்கள். வயிறு ஊதிய பெண்கள் கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு கீழே தாய்வீட்டுக்குப் போவார்கள். திரும்பி வரும்போது வயிறு இருக்காது, துண்டில் சுற்றிய பிள்ளை இருக்கும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பிள்ளைகள் போடியில் கிடைக்கின்றன. அங்கே போய்த் தங்கி, நல்லதாகப் பார்த்து எடுத்து வர வேண்டும்.

அப்படியானால் வயிறு ஏன் ஊதுகிறது என்ற சந்தேகம் ஒருநாள் எனக்கு வந்தது. அதை அடுத்த வீட்டுச் சேக்காளி தீர்த்துவைத்தாள். என்னைவிட ஒரு வகுப்பு கூடப் படித்தவள், அவளுக்குத் தெரியாதது கிடையாது. மலைத் தண்ணீருக்கு வயிறு உப்பும், கீழ்த் தண்ணீர் குடித்தால் வற்றிவிடும் என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஜீப்பை ஓட்டியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாத ஆள். ஜீப் வருவது எங்களுக்கு முதலில் காதில்தான் விழும். மேகம் இறங்கி எதிர் வீடு தெரியாமல் இருக்கும்போது, எங்கோ கீழே, தண்ணீருக்குள் யாரோ இருமுவது போலக் கேட்கும். பிறகு சத்தம் மலையைச் சுற்றிக்கொண்டு மறைந்துபோகும். மறுபடி பக்கத்தில் கேட்கும். கடைசியில் வெள்ளைக்குள்ளிருந்து மஞ்சளாய் இரண்டு விளக்குகள் வரும். கதவைத் திறந்ததும் கீழ்நாட்டின் வாசனை ஒன்று வெளியே வரும். வெயில்பட்ட சாக்கும் பெட்ரோலும் வாழை இலையும் கலந்த வாசனை அது. போடி முழுவதும் அப்படித்தான் மணக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் வயிறு ஊதத் தொடங்கியதும் மாமாவிடம் என் விருப்பத்தைச் சொல்லிவைத்தேன். தங்கச்சி வேண்டும், சுருட்டை முடி இருக்க வேண்டும், அழக் கூடாது. மாமா ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சொல்லிவைத்துவிடலாம் மருமகளே என்றார்.

அந்த ஐப்பசியில் மழை நிற்கவே இல்லை. அம்மா கீழே போகவேண்டிய வாரத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டது. ஜீப் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடையில் அரிசி குறைந்து, லயம் முழுவதும் கப்பைக்கிழங்கு அவித்தார்கள். அம்மா வழக்கம்போலக் கொழுந்து எடுக்கப் போனாள். ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. கொழுந்து லாரியிலேயே அம்மாவைப் படுக்கவைத்து எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

இப்போது ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். குறை மாதத்தில் பிறந்த குழந்தை அழாமலே போய்விட்டது. ஆனால் அன்று எனக்கு இந்த வாக்கியத்தை யாரும் சொல்லவில்லை. அம்மா காதைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு, வெறுங்கையோடு வந்தாள். எனக்கு ஆச்சரியமே இல்லை. ரோடு அடைத்துக் கிடக்கிறது, போடிக்குப் போகாமல் பிள்ளை எப்படி வரும்? பெண்கள் எல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஏன் அழுகிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை. நான் அம்மாவின் பக்கத்தில் போய், ரோடு தொறந்ததும் போயி எடுத்துட்டு வந்துரலாம்மா, அழாத என்றேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

பேசவில்லை என்றால் கோபத்தில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வது மாதிரி இல்லை. சோறு போட்டாள், தலை வாரிவிட்டாள், கொஞ்ச நாளில் வேலைக்கும் போனாள். கேட்டதற்குத் தலையை ஆட்டுவாள், ரொம்பக் கேட்டால் ம் என்பாள். அவ்வளவுதான். தேயிலைத் தூள் மணக்க ஃபாக்டரியிலிருந்து வரும் அப்பா, வந்ததும் முதலில் என்னைத்தான் பார்ப்பார். இன்று ஏதாவது பேசினாளா என்பது அந்தப் பார்வை. நான் உதட்டைப் பிதுக்குவேன். லயத்துப் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில், இப்படியே விட்டால் புத்தி பேதலித்துப் போய்விடும் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அது காதில் விழுந்தது. பேதலிப்பது என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் பயமாக இருந்தது.

ரோடு திறந்து முதல் ஜீப் வந்தது. சேதி கேட்டிருந்த மாமா வாழை இலைப் பொட்டலத்தில் மல்லிகைப்பூ கொண்டுவந்திருந்தார். அந்த மழைக்காலத்தில் எங்கே தேடிப் பிடித்தாரோ. அத்தனை பூவை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. ஆனால் அம்மா ஒரு முழம்கூடத் தலையில் வைக்கவில்லை. எனக்கும் கிள்ளித் தரவில்லை. மறுநாள் பழுத்து நசுங்கிய பூக்கள் அடுப்புச் சாம்பலில் கிடந்தன. நெடுநாள் அதற்காக அம்மா மேல் எனக்கு வருத்தம் இருந்தது. பால் கட்டிக்கொண்டால் அது வற்றுவதற்கு மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டுவார்கள் என்பது எனக்கே பிள்ளை பிறந்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்த அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, என் தங்கச்சிக்காக முதல்முறையாக ஒழுங்காக அழுதேன்.

பூவைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த மாமாவின் வழியை மறித்துக்கொண்டு, எங்கே என் பாப்பா என்றேன். மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். மாமா என் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தார்.

"பாப்பா கீழதான் இருக்கு மருமகளே. பொம்பளப்புள்ள. இங்க பனி கொல்லுதுல்ல, பச்சப்புள்ள தாங்காது. குளிரு போகட்டும், கொண்டாந்துருவோம்."

முடி சுருட்டையா என்று கேட்டேன். சுருட்டைதான் என்றார். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே, ஒருநாள் திடீரென்று கொண்டுவந்து மடியில் போடலாம் என்றார். அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ஃபாக்டரிக்குப் போய்விட்டார்.

என் பயம் போய்விட்டது. பாப்பா வந்துவிட்டால் அம்மா பேசிவிடுவாள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். குளிர் எப்போது போகும் என்று பார்ப்பவர்களை எல்லாம் கேட்டேன்.

ஒரு ஜீப் டிரைவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார், அதை லயமே தூக்கிச் சுமந்தது. குழாயடியில் போய் என் பாப்பா போடியில் இருக்கிறாள் என்றால், ஆமாமா, கேள்விப்பட்டோம் என்பார்கள். ஒருத்தி மறுபக்கம் திரும்பிக் குடத்தைத் தேய்ப்பாள். மாமா ஒவ்வொரு தடவை வரும்போதும் அரிசி மூட்டையோடு ஒரு செய்தியும் இறக்கினார். பாப்பா முகம் பார்த்துச் சிரிக்கிறது. பாப்பாவுக்குத் தலை நின்றுவிட்டது. பாப்பா குப்புற விழுந்துவிட்டது, நிமிர வரவில்லை, ஒரே கத்தல். சொல்லும்போது மாமாவின் முகம் மலர்ந்துவிடும். கையால் குழந்தை கவிழ்வதைச் செய்து காட்டுவார். எனக்காகத்தான் சொன்னாரா, அவருக்கும் அது வேண்டியிருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். நானும் அந்தச் செய்திகளை வைத்துக்கொண்டு மேகத்துக்குள் நடந்து திரிந்தேன். பள்ளிக்கூடம் போகும் ஒற்றையடிப் பாதையில் இரண்டு பக்கமும் தேயிலைச் செடி நனைந்து நிற்கும். வெள்ளைக்குள்ளே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், சுருட்டை முடியோடு ஒரு குழந்தை தவழ்ந்து வருகிற மாதிரியே இருக்கும்.

மார்கழியில் உறைபனி விழுந்தது. காலையில் புல் எல்லாம் உப்புத் தூவினாற்போல இருக்கும், வெறுங்காலில் மிதித்தால் சுடும். எஸ்டேட்டில் வேலைக்காரர்களுக்குக் கம்பளி கொடுத்தார்கள். சாம்பல் நிறம், ஓரத்தில் சிவப்புக் கோடு, ஆட்டு வாடை. கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு அது பனிக்கும் மழைக்கும் ஒரே அரண். அம்மா வாங்கி வந்த அன்றே அடுப்புத் தீப்பொறி தெறித்து மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குப் பொசுங்கிவிட்டது. அந்தக் கம்பளியைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. குளிர்தானே தடை? கம்பளி இருந்தால் பாப்பா இப்போதே வரலாமே. குளிர் போகும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்?

அடுத்த தடவை ஜீப் கிளம்பும்போது கம்பளியைச் சுருட்டி மாமாவின் பக்கத்து இருக்கையில் வைத்தேன். இதில் போர்த்திக் கொண்டுவந்துவிடுங்கள் என்றேன். மாமா கம்பளியின் பொசுங்கிய மூலையை விரலால் தடவினார். பிறகு சரி மருமகளே என்று சாவியைத் திருப்பினார். திருப்பிக் கொடுத்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பேன். அதற்குப் பதில் சொல்ல அவருக்குத் திராணி இல்லை.

மறுநாள் விடிந்ததும் கம்பளியைக் காணோம் என்று வீடு தலைகீழாகிவிட்டது. நான்தான் பாப்பாவுக்குக் கொடுத்தனுப்பினேன் என்று சொன்னேன். ரகசியம் என்பதே மறந்துவிட்டது. அப்பா கையை ஓங்கினார். அந்தக் கையை அம்மா பிடித்துக்கொண்டாள். என்னை அடுப்புப் பக்கம் இழுத்து உட்காரவைத்து, சொல்லு என்பதுபோலத் தலையை அசைத்தாள். சிரித்தது, தலை நின்றது, குப்புற விழுந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். கண் கொட்டாமல் கேட்டாள். அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்து தீயை அணைத்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் ஒரு சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போனாள்.

மாமாவுக்கு அன்று நல்ல வசவு விழப்போகிறது என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். ஜீப் வந்ததும் மாமா கம்பளியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. அக்கா என்று நீட்டினார். அம்மா அதைத் தொடவில்லை.

"புள்ளைக்குன்னு குடுத்தத திருப்பி வாங்கக் கூடாதுடா. கொண்டு போயி அவளுக்கே போத்திவிடு."

ஐப்பசிக்குப் பிறகு அம்மாவின் வாயிலிருந்து வந்த முதல் முழு வார்த்தை அதுதான். மாமா அங்கேயே உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அக்கா திட்டிவிட்டதால் அழுகிறார் என்று நினைத்தேன். உள்ளே எனக்கு ஒரே சந்தோஷம். பாப்பாவைப் பற்றி அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, பேசியும்விட்டாள், இனி எல்லாம் சரியாகிவிடும்.

ஆகவில்லை. அம்மா மறுபடி வாயை மூடிக்கொண்டாள். கம்பளி போன பிறகு மாமாவின் செய்திகளும் மெலிந்துபோயின. நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்பார், கண்ணைப் பார்க்க மாட்டார். தை போயிற்று, மாசி போயிற்று. மேகம் விலகி எதிர்மலைப் பாறைகூடப் பளிச்சென்று தெரிந்தது. குளிர்தான் போய்விட்டதே, எங்கே பாப்பா என்று ஜீப்பின் முன்னால் நின்று வழிமறித்தேன். பிறகு மாமா லயத்துக்கு வராமல் கடையிலேயே சாமானை இறக்கிவிட்டுத் திரும்பத் தொடங்கினார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

பங்குனியில் ஒரு லீவு நாள். சேக்காளியும் நானும் சுள்ளி பொறுக்க யூக்காலித் தைலமரத் தோப்புக்குப் போனோம். தோப்புக்குக் கீழே எஸ்டேட்டின் இடுகாடு. அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார்கள், ஆனால் நல்ல சுள்ளி அங்கேதான் விழும். வெயில் ஏறி யூக்காலி எண்ணெய் மணத்தது. ஓரமாக, தனியாக, ஒரு சின்ன மண்மேடு இருந்தது. அதன்மேல் சாம்பல் கம்பளி ஒன்றை விரித்து, காற்றுக்குப் பறக்காமல் சுற்றிலும் கல் வைத்திருந்தார்கள். சிவப்புக் கோடு பனியிலும் வெயிலிலும் வெளுத்திருந்தது. ஒரு மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குப் பொசுங்கல்.

நான் நின்றுவிட்டேன். சேக்காளி என் கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு அவளும் இழுப்பதை விட்டுவிட்டாள்.

"எனக்கு அப்பவே தெரியும்டி. லயத்துல எல்லாப் புள்ளைக்கும் தெரியும். ஒங்கிட்டச் சொன்னா நாக்குல சூடு வச்சிருவேன்னு எங்கம்மா சொல்லுச்சு."

எல்லாம் தெரிந்த அந்த வாயாடி ஆறு மாதம் எப்படி நாக்கைக் கட்டிவைத்திருந்தாளோ, அந்தக் கஷ்டம் அவளுக்குத்தான் தெரியும். திறந்த வாயை அவள் மூடவில்லை. இறங்குகிற வழி முழுவதும், பிள்ளைகள் உண்மையில் எங்கிருந்து வருகிறார்கள், வயிறு ஏன் ஊதுகிறது, அம்மாவுக்கு அன்று மலையில் என்ன ஆயிற்று, எல்லாவற்றையும் தனக்குத் தெரிந்த மட்டில் கொட்டினாள். பாதி தப்பு, பாதி சரி. எனக்குத் தலையில் சுமை, காதில் இரைச்சல். ரோடு அடைத்ததால் பாப்பா வரவில்லை என்று நான் அம்மாவிடம் சொன்னது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. போயி எடுத்துட்டு வந்துரலாம்மா. அந்த வாக்கியத்தைக் கேட்டுத்தான் அவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள் என்பது அப்போதுதான் புரிந்தது. பாப்பா செத்துப்போனதுகூட எனக்கு முழுதாக உறைக்கவில்லை. அம்மா இத்தனை மாதமும் தெரிந்தே உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் தாங்கவில்லை. பேசாத வாய்க்குள் அவள் எதை வைத்திருந்தாள் என்று தெரிந்துவிட்டது.

பெரியவர்கள் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தார்கள். அது தப்பா சரியா என்று இத்தனை வயதாகியும் என்னால் சொல்ல முடியவில்லை. தம்பி மகள் வீட்டில் நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்ததற்கு அதுதான் காரணம்.

அன்று நான் சுள்ளியோடு வீடு வந்தபோது சாயங்கால வெயில் வாசலில் கிடந்தது. அம்மா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சுள்ளியை இறக்கிவிட்டு, எப்போதும்போல வளவளவென்று பேசாமல், ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். என் கால் புழுதியைப் பார்த்தாள், காலில் ஒட்டியிருந்த யூக்காலி இலையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். எந்தப் பக்கம் போய் வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது அழுவாள், இல்லையென்றால் அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் மறுபடி முறத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். கை அரிசிக்குள் துழாவிக்கொண்டே இருந்தது. பிறகு, அந்த ஆறு மாதத்தில் ஒருமுறைகூட வாய்விட்டுக் கேட்காததை, தலை நிமிராமல் கேட்டாள்.

"மாமன் என்னடி சொன்னான்? பாப்பா எப்படி இருக்காம்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பார்த்துவிட்டேன் அம்மா என்று மடியில் விழுந்திருக்கலாம். ஆனால் அவள் குரல் சாதாரணமாக இருந்தது, பழைய அம்மாவின் குரலாக இருந்தது. அது திரும்பவும் போய்விடக் கூடாது என்பது தவிர எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. ஆறு மாதப் பிள்ளை என்ன செய்யும் என்று அவசரமாக யோசித்தேன்.

"பல்லு மொளைச்சிருக்காம்மா."

அம்மாவின் கை நின்றது.

"மேல்பல்லா, கீழ்ப்பல்லா?"

மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்கும் அது தெரியும்.

"கீழ்ப்பல்லுதாம்மா" என்றேன்.

அம்மா ஒரு கல்லை எடுத்து வாசலில் எறிந்தாள். பிறகு முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு என் காலில் ஒட்டியிருந்த இலையை எடுத்துப் போட்டாள்.

"நல்லவேளை. எந்தம்பி பாவம், அவனுக்கு ஒண்ணும் ஆகிறக் கூடாது."